இனாமாக வரும் குளிர்ப் பெட்டி

தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் செல்வோர், சாலையோரக் கடைகளில் கண்ணாடிக் கதவிட்ட குளிர்ப் பெட்டிகள் நிற்பதைக் காணலாம். பெட்டியின் நெற்றியில் ஏதேனும் ஒரு குளிர்பானக் கம்பெனியின் பெயர் விளக்கொளியில் மின்னிக்கொண்டிருக்கும். இவற்றுட் பல, கடைக்காரர் விலை கொடுத்து வாங்கியவை அல்ல. கம்பெனிகள் தாமே கொண்டுவந்து வைத்தவை. கூட்டுறவுக் கடைகளுக்கும் இத்தகைய பெட்டி வருமாயின், “இனாமாகக் கிடைப்பதை ஏன் விட வேண்டும்?” என்று நிர்வாகக் குழுவில் ஒருவர் கேட்பது இயல்பே. விட வேண்டும் என்பதே நமது கருத்து.

பெட்டியைக் கொடுக்கும் முறை பெரும்பாலும் இதுதான்: பெட்டி கம்பெனிக்குச் சொந்தம்; அது நிற்கும் இடம் கடைக்குச் சொந்தம்; மின்சாரக் கட்டணம் கடையின் தலையில். உள்ளே அக்கம்பெனியின் சரக்கே இருத்தல் வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. நம் அங்கத்தினர் கறந்த பாலின் மோருக்கும், தோட்டத்து மாம்பழச் சாற்றுக்கும், இளநீருக்கும் அதில் இடமில்லை. உழவர்கள் பங்குப் பணம் போட்டு நடத்தும் கடையில் உழவர் பொருள் வெயிலிலும் அயலார் பொருள் குளிரிலும் இருக்க, அக்குளிருக்கு மாதந்தோறும் சங்கம் பணம் கட்டுவது எவ்வகை நியாயம்?

கட்டணத்தைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு பெட்டி நாளொன்றுக்கு 5 யூனிட் கொள்கிறது என்றும், அதே அளவுள்ள சிக்கனமான பெட்டி 3 யூனிட் கொள்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். யூனிட்டுக்கு 9 ரூபாய் வீதம் வேறுபாடு ஆண்டுக்கு 6,570 ரூபாய் ஆகிறது. பத்தாண்டு நின்றால் 65,700 ரூபாய். இத்தொகை சங்கத்தின் நிகர இலாபத்திலிருந்து போகிறது. நெசவாள அங்கத்தினர்கள் இதனை உழவர் சங்கதி என்று ஒதுக்க வேண்டாம். இரு தரத்தாரும் சேர்ந்த சங்கத்தில், ஆண்டு முடிவில் பங்கு ஈவு எழுதப்படும்போது குறைவது இருவருடைய பணமுமேயாகும்.

பெட்டியைத் தேர்ந்தெடுப்பவர் ஒருவர், அதற்கு மின்சாரக் கட்டணம் செலுத்துபவர் வேறொருவர் என்றிருக்கும் வரையில், சிக்கனமான பெட்டி வருவதற்குக் காரணமே இல்லை. மின்சாரத்தை அதிகம் குடிக்கும் பெட்டியால் கம்பெனிக்கு ஒரு காசு நஷ்டமும் இல்லை. இதனை உணர்ந்தே, ஸ்விட்ஸர்லாந்திலுள்ள பேஸ் என்னும் நிறுவனம், குளிர்ச்சியை மட்டும் விலைக்கு விற்கும் ஏற்பாட்டைப் பல நாடுகளில் பரப்பி வருகிறது. அதன்படி யந்திரம் தருபவரே அதற்கு உடைமையாளராக இருந்து பழுதும் பார்க்கிறார். மின்சாரச் செலவும் அவர் பொறுப்பாகிறது. கடைக்காரர் பெற்ற குளிர்ச்சிக்கு மட்டும் பணம் தருகிறார். யூனிட் மிச்சமானால் கம்பெனிக்கு இலாபம். ஆகவே மிச்சம் பிடிக்கிறார்கள். நைஜீரியாவில் கோல்டுஹப்ஸ் என்னும் நிறுவனம் சந்தைகளின் அருகே சூரிய ஒளியால் இயங்கும் குளிரறைகளை நிறுவியுள்ளது. உழவர்கள் கூடைக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று வாடகை கொடுத்துக் காய்கறியை அதில் வைக்கின்றனர்.

சென்னைக் கடற்கரையில் 1842-ல் கட்டப்பட்ட ஐஸ் ஹவுஸ் என்னும் கட்டடத்தை அங்கத்தினர் பலர் பார்த்திருப்பர். இன்று அது விவேகானந்தர் இல்லம். அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலிருந்து மரத்தூளில் புதைத்துக் கப்பலில் கொணர்ந்த பனிக்கட்டி அங்கே சேமிக்கப்பட்டது. யந்திரம் ஏதுமின்றி, மாதக்கணக்கான கடற்பயணத்தில் பனிக்கட்டி முழுவதும் கரைந்துபோகாமல் வந்தது எப்படி? குளிர்ச்சியை வெளியே விடாமல் காத்ததனால்தான். குளிர்ச்சியை உண்டாக்குவதைக் காட்டிலும் உண்டானதைக் காப்பது மலிவு என்னும் இப்பாடத்தையே மேல்நாட்டுச் சூப்பர் மார்க்கெட்டுகள் இன்று பெரும் பொருட்செலவில் மறுபடி கற்று வருகின்றன. அங்கே கடையின் மின்சாரத்தில் ஏறக்குறைய பாதி குளிர்பதனத்திற்கே போகிறது. கதவில்லாத திறந்த அலமாரிகள் அதற்கு ஒரு முக்கிய காரணம். பிரான்ஸ் நாட்டுப் பெருங்கடைகள் 2012-ல் அரசாங்கத்துடன் உடன்படிக்கை செய்துகொண்டு, தம் குளிர் அலமாரிகளில் முக்கால் பங்கிற்கு 2020-க்குள் கதவு போட இசைந்தன. இங்கிலாந்தில் ஏரோஃபாயில் எனர்ஜி என்னும் சிறு கம்பெனி, பந்தயக் கார் செய்வோரின் துணையோடு, அலமாரித் தட்டுகளின் விளிம்பில் பொருத்தும் ஒரு பட்டையைச் செய்தது. அது குளிர்ந்த காற்றை வெளியே சிதறவிடாமல் உள்ளேயே கீழ்நோக்கிச் செலுத்துகிறது. ஸைன்ஸ்பரி கடைகள் அதனை வாங்கிப் பொருத்தின. நம் நகரங்களில் புதிதாகத் திறக்கும் அங்காடிகளிலோ இன்னமும் திறந்த அலமாரியை நாகரிகம் என்று கருதுகிறார்கள்!

பெட்டிக்குள் ஓடும் வாயுவையும் கேட்டறிய வேண்டும். இதுவரை பெருவழக்கிலிருந்த ஆர்-134ஏ, ஆர்-404ஏ போன்றவை பூமியின் வெப்பத்தை மிகவும் கூட்டுபவை. ஆர்-404ஏ ஒரு கிலோ கசிந்தால், சுமார் 3,900 கிலோ கரியமில வாயு கலந்ததற்கு ஒப்பாகும். 2016-ல் கிகாலி நகரில் ஏற்பட்ட ஒப்பந்தத்தை இந்தியா 2021-ல் உறுதி செய்தது. அதன்படி இவ்வாயுக்களின் உபயோகம் நம் நாட்டில் 2028-ல் வரம்பிடப்பட்டு, 2032 முதல் படிப்படியாகக் குறைய வேண்டும். இன்று வாங்கும் பெட்டி அக்காலத்திலும் நம் கடையில் நிற்கும். அப்போது வாயு நிரப்பும் செலவு ஏறினால் வியப்பதற்கில்லை. சிறு பெட்டிகளுக்கு ஆர்-290 எனப்படும் புரொப்பேன் வாயு நல்ல மாற்று. வோல்டாஸ், ராக்வெல் போன்ற இந்தியக் கம்பெனிகள் இதில் இயங்கும் பெட்டிகளை விற்கின்றன. பெரிய அங்காடிகளுக்குக் கரியமில வாயுவையே குளிரூட்டியாகப் பயன்படுத்தும் ஏற்பாடு ஐரோப்பாவில் பரவியுள்ளது. ஆனால் அவ்வாயு 31 டிகிரிக்கு மேல் திரவமாவதில்லை. நம் கோடையில் அதனால் திறன் குறைகிறது. இக்குறையைப் போக்கும் வழியைச் சென்னை ஐ.ஐ.டி.யில் நார்வே நாட்டு ஆய்வாளர்களுடன் கூடி ஆராய்ந்துள்ளனர். எனினும் அது பெருங்கடைகளுக்கான ஏற்பாடு. நம்முடைய கடைகளின் அளவுக்கு இப்போதைக்குத் தேவையில்லை.

ஒகேனக்கல் போன்ற ஊரில் வியாபாரம் ஒரே சீராக நடப்பதில்லை. ஆடிப் பெருக்கன்று நிற்க இடமிராது. கர்நாடகத்து அணைகளிலிருந்து வெள்ளம் வரும் நாட்களில் பரிசலுக்கும் குளிப்பதற்கும் தடை விதித்துவிட்டால் ஊரே வெறிச்சோடும். ஆள் வந்தாலும் வராவிட்டாலும் பெட்டி மட்டும் ஓடிக்கொண்டேயிருக்கும். ஆகவே இத்தகைய இடத்திற்கு ஒரு பெரிய பெட்டியைக் காட்டிலும் இரண்டு சிறு பெட்டிகளே ஏற்றவை. கூட்டமில்லாத நாட்களில் ஒன்றை நிறுத்தி வைக்கலாம். மின்தடைக்கு அஞ்சுவோர், குளிர்ச்சியைச் சேமித்து வைக்கும் உப்புக் கரைசல் அல்லது பனிக்கட்டித் தொட்டியுள்ள யந்திரங்களைப் பற்றி விசாரிக்கலாம். புனாவிலுள்ள ஈக்கோஸென், ப்ரொமீதியன் ஆகிய கம்பெனிகள், முன்னது காய்கறிக்கும் பின்னது பாலுக்குமாக, இவ்வகையில் ஈடுபட்டுள்ளன.

எல்லாப் பொருளையும் ஒரே பெட்டியில் அடைப்பதும் வீண் செலவே. பாலுக்கு 4 டிகிரி வேண்டும். கொத்துமல்லித் தழைக்கு அதனினும் குறைவு. பாலக்கோட்டுத் தக்காளிக்கோ 10 முதல் 13 டிகிரி வரை போதும். அதற்குக் கீழே போனால் காய் பழுப்பதும் கெடும், ருசியும் கெடும். மாம்பழத்திற்கும் ஏறக்குறைய அவ்வளவே. காவிரி மீனை அங்கேயே அறுத்து அங்கேயே பொரித்துத் தரும் ஒகேனக்கல்லில், அதற்குப் பனிக்கட்டிப் பெட்டியே போதும். யாரேனும் டீப் பிரீசர் விற்க வந்தால் கும்பிட்டு அனுப்பிவிடலாம்.

முதல் போடப் பணம் எங்கே என்று கேட்பீர்கள். தனிக் கடைக்காரர் இனாம் பெட்டியை ஏற்பதைக் குறை கூறுவதற்கில்லை. அவருக்கு வேறு வழியில்லை. நமக்கு வழியுண்டு. 1904-ல் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது, கூடி வாங்கினால் விலை குறையும் என்ற ஒரே நம்பிக்கையில்தான். அண்மைக் காலத்திலும் இதற்குச் சான்றுண்டு. மத்திய அரசின் இ.இ.எஸ்.எல். நிறுவனம் எல்.இ.டி. விளக்குகளைக் கோடிக்கணக்கில் ஒருசேர வாங்கியபோது, 2014-ல் 310 ரூபாயாயிருந்த கொள்முதல் விலை 2016-ல் 38 ரூபாய்க்கு இறங்கியது. நம் மாவட்டத்துப் பால் சங்கங்களும், பண்டகசாலைகளும், உழவர் விற்பனைச் சங்கங்களும் சேர்ந்து ஐம்பது பெட்டிக்கு ஒரே விலைப்புள்ளி கோரினால், கம்பெனிகள் நம் வாசலுக்கு வரும்.

விலைப்புள்ளியில் பெட்டியின் விலையோடு ஆண்டு முழுவதும் அது கொள்ளும் யூனிட்டையும் எழுதித் தரும்படி கேட்க வேண்டும். பத்தாண்டுக்கு இரண்டையும் கூட்டி எது குறைவோ அதனையே ஏற்க வேண்டும். டீப் பிரீசர்களுக்கு எரிசக்தித் திறன் செயலகம் 2020-ல் நட்சத்திர முத்திரைத் திட்டத்தைத் தொடங்கியிருப்பதால், முத்திரையையும் கேட்கலாம். ஆயினும் முத்திரையோடு நின்றுவிடாமல், ஒரு பெட்டியை மீட்டரோடு நம் கடையில் கோடை மாதத்தில் ஓடவிட்டுப் பார்த்தல் நலம். நூலை நிறுத்துப் பார்த்துச் சாயம் ஊன்றியிருக்கிறதா என்று கசக்கிப் பார்த்து வாங்கும் நெசவாளருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. இன்னொன்று: புரொப்பேன் தீப்பற்றும் வாயு. பயிற்சியில்லாத கைகள் அதனைத் தொடலாகாது. ஆகையால் தருமபுரியிலோ சேலத்திலோ பயிற்சி பெற்ற ஆள் இருக்கிறாரா, பழுது என்று சொன்னால் எத்தனை மணி நேரத்தில் ஒகேனக்கல்லுக்கு வந்து சேருவார் என்பதைக் கம்பெனி எழுத்தில் உறுதி கூற வேண்டும். அவ்வுறுதி இல்லாத விலைப்புள்ளியை, எவ்வளவு மலிவாயினும், பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளலாகாது.