கம்பெனி லைட் பத்தாதுங்கண்ணா!

கோயில் வாசலில் டயர் ஏற்றி நசுக்கிய எலுமிச்சம்பழத்தின் ஈரம் காயவில்லை. முன்கண்ணாடியில் வைத்த சந்தனமும் உலரவில்லை. அதற்குள் சேந்தமங்கலம் பக்கத்து இளைஞர் ஒருவர், தவணையில் எடுத்த புது பிக்கப்பை நாமக்கல்லில் ஒரு அக்சசரீஸ் கடை முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். கடைக்காரர் வண்டியைச் சுற்றி வரவில்லை. ஹெட்லைட்டைப் போட்டுக் காட்டச் சொல்லவும் இல்லை. போட்டிருந்தாலும் பகல் பதினொரு மணிக்கு என்ன தெரிந்திருக்கும்? உட்கார்ந்த இடத்திலிருந்தே தீர்ப்பு வந்தது: “கம்பெனி லைட் பத்தாதுங்கண்ணா.”

மாலை நாலு மணிக்கு வண்டி வெளியே வந்தபோது அதன் நெற்றியில் எல்இடி பார் இருந்தது. பம்பரில் நாலு உருண்டை விளக்குகள், ஹெட்லைட் டூமுக்குள் நீலம் பாய்ந்த வெள்ளை பல்புகள், அடிப்பாகத்தில் பச்சை வெளிச்சம், கூடவே ஒரு ஏர் ஹாரன். முதல் தவணை கட்டுவதற்கு முன்பே ஒரு தவணைப் பணம் போய்விட்டது. அன்று ராத்திரி பைபாஸில் அந்த வண்டிக்கு எதிரே பைக்கில் வந்தவர்கள் என்ன சொன்னார்கள் என்பது அச்சில் ஏற்றக்கூடியதல்ல.

பத்தாதாம். எதற்குப் பத்தாது, எத்தனை அடி தூரத்துக்குப் பத்தாது என்று கேட்டால் பதில் கிடையாது. தமிழ்நாட்டில் பிக்கப் வாங்கும் பத்துப் பேரில் எட்டுப் பேராவது வேதவாக்காக எடுத்துக்கொண்ட வாசகம் இது. ஹெட்லைட்டை ஒருமுறைகூடச் சோதித்துப் பார்க்காதவர்களும் அடித்துச் சொல்வார்கள்.

கொல்லிமலையில் ஒரு பெரியவர் இருக்கிறார். பதினைந்து வருஷத்துப் பழைய பிக்கப்பில் சோளக்காட்டிலிருந்து பலாப்பழம், வாழைத்தார், சில நாள் மிளகு மூட்டை ஏற்றிக்கொண்டு விடியுமுன் காரவள்ளிக்கு இறங்குகிறார். வழியில் 70 கொண்டை ஊசி வளைவுகள். மழைக்காலத்தில் பாதித் தூரம் மேகத்துக்குள்தான் ஓட்ட வேண்டும். அவர் வண்டியில் இருப்பது கம்பெனி லைட். கூடுதல் உபகரணம் என்று பார்த்தால் ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் ஒரு ஈரத்துணியும், சீட்டுக்கு அடியில் ஒரு துண்டு உப்புத்தாளும்தான். “பத்தலையா?” என்று கேட்டால், “தொடைச்சா பத்துது” என்பார். இந்த ஒற்றை வாக்கியத்துக்கு எந்தக் கடைக்காரரிடமும் மறுமொழி இருந்ததில்லை. அதில் விற்பதற்கு ஒன்றுமில்லையே.

சரக்கு பிக்கப்களில் பெரும்பாலும் இருப்பது எச்4 ஹாலஜன் பல்பு. பிரைட்டுக்கு 60 வாட், டிம்முக்கு 55 வாட் என்று இரண்டு இழைகள். டிம் இழைக்குக் கீழே ஒரு சின்ன உலோகக் கிண்ணம் உண்டு. கீழ்நோக்கிப் போகும் வெளிச்சத்தை அது மறைத்துவிடுவதால் டூமின் மேல்பாதி மட்டும் வேலை செய்கிறது; ஒளி சாலையில் விழுகிறது, எதிரே வருகிறவர் முகத்தில் விழுவதில்லை. டூமின் ஒவ்வொரு வளைவும் அந்த இழை இருக்கும் இடத்தை வைத்துக் கணக்கிட்டது. அதைக் கழற்றிவிட்டு, இரண்டு பக்கமும் சில்லு ஒட்டிய எல்இடி பல்பைத் திணித்தால் கணக்கு கலைந்துபோகிறது. இழை இருந்த இடத்தில் சில்லு இல்லை, கிண்ணம் இருந்த இடத்தில் பெயருக்கு ஒரு தகடு. வெளிச்சம் மரக்கிளை, பெயர்ப்பலகை, மாடி ஜன்னல் என்று எங்கெங்கோ சிதறுகிறது. வண்டிக்கு முன்னால் பத்து மீட்டர் தரை மட்டும் பாலாகத் தெரியும். ஓட்டுகிறவர் பூரித்துப்போவார். பக்கத்துத் தரை அப்படிப் பளீரென்று இருந்தால் கண்மணி சுருங்கி, தூரத்து இருட்டு இன்னும் இருண்டுவிடும் என்பதைக் கடையில் யாரும் சொல்வதில்லை.

அடுத்தது கெல்வின் புராணம். “6,000 கெல்வின்ணா, செம பவர்!” கெல்வின் இங்கே நிறத்தைச் சொல்லும் எண்; வெளிச்சத்தின் அளவல்ல. ஹாலஜனின் மஞ்சள் வெள்ளை சுமார் 3,200. எண் ஏற ஏற நீலம் கூடும், எதிரே வருகிறவருக்குக் கூச்சமும் கூடும்; பவர் கூடாது. புடவைக்கடையில் போய் அடர்சிவப்புதான் அதிக நீளம் என்று யாராவது சொன்னால் சிரிப்போம். இங்கே எண்ணிப் பணம் கொடுக்கிறோம்.

எல்இடி பார் வந்த அட்டைப்பெட்டியில் ‘300 வாட்’ என்று போட்டிருக்கிறது. 12 வோல்ட் வண்டியில் 300 வாட் என்றால் 25 ஆம்பியர். அதோடு கொடுத்த வயரோ காதணிக் கம்பியைவிடக் கொஞ்சம் தடிமன். பெட்டி சொல்வது உண்மையானால் அந்த வயர் புதுச்சத்திரம் தாண்டுமுன் கொதித்து உருகியிருக்க வேண்டும். உருகவில்லை. ஆகவே பெட்டி பொய். வாங்கியவருக்கு இதில் வருத்தப்பட இடமில்லை. பெட்டி உண்மை பேசியிருந்தால் இந்நேரம் வண்டி இருந்திருக்காது.

உண்மை பேசும் பல்புகளும் விற்கின்றன, அவை இன்னும் ஆபத்து. 100/90 வாட் பல்பை எந்த மாற்றமும் செய்யாமல் பழைய ஹோல்டரில் மாட்டுவது ஊர் வழக்கம். இரண்டு பிரைட்டுக்கு முன்பு 10 ஆம்பியர் ஓடிய வயரில் இப்போது கிட்டத்தட்ட 17 ஓடும். வயரில் பிறக்கும் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்வது. ஆகவே சூடு ஏறக்குறைய மூன்று மடங்கு. ஹோல்டர் பழுத்து, கருகி, ஒருநாள் பல்போடு சேர்ந்து கையில் வரும். இடையில் ஃபியூஸ் போகும். போனால் என்ன? சிவப்பு 10 ஆம்பியர் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டுப் பச்சை 30-ஐச் செருகிவிடுவார்கள். “இனிமே போகாதுங்க” என்பது உத்தரவாதம். ஆமாம், ஃபியூஸ் போகாது. அடுத்து வயர்தான் போகும். ரிலே போட்டாயிற்று என்று நெஞ்சை நிமிர்த்துகிறவர்களும் உண்டு. ரிலேவுக்கு 30-ஆம் முனையில் பேட்டரியிலிருந்து நேர் வயர் வர வேண்டும், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ் இருக்க வேண்டும். பல வண்டிகளில் அந்த ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு டேப் சுற்றிய ஒரு முடிச்சு இருக்கிறது. முதல் மழையில் டேப்பின் பசை இளகிவிடும். பிறகு பார்க்கிங் லைட் போட்டால் வைப்பர் ஆடும், ஹாரன் அடித்தால் டெக் நிற்கும். “கம்பெனி வயரிங்கே சரியில்லைங்க” என்று பழி போவது எங்கே என்று சொல்லவும் வேண்டுமா?

பெரியவரின் உப்புத்தாள் வேலை செய்வது இங்கேதான். ஹாலஜன் பல்புக்குப் போய்ச்சேரும் வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் சுமார் முப்பது சதவீதம் விழுந்துவிடும். குறைவதற்குக் காரணம் பெரும்பாலும் துருப்பிடித்த எர்த், கறுத்துப்போன ஹோல்டர், தளர்ந்த முனை. அவர் வருஷத்துக்கு ஒருதரம் எர்த் போல்ட்டைக் கழற்றி, தகட்டைப் பளபளவென்று தேய்த்து, மறுபடி முறுக்குகிறார். கால்மணி நேர வேலை. போன வெளிச்சம் திரும்பி வருகிறது. எந்த ஆட்டோ எலக்ட்ரீஷியனும் இதைச் செய்யலாம். செய்தால் எவ்வளவு கேட்பது என்றுதான் அவருக்குத் தெரியவில்லை.

இன்னொரு விஷயம், அதுவும் பெரியவருக்கு மட்டும் தெரிந்தது போலிருக்கிறது. பிக்கப் என்பது பாரம் ஏற்றும் வண்டி. பின்னால் ஒரு டன் பலாப்பழம் ஏறினால் பட்டை அமுங்கும், மூக்கு தூக்கும். ஒரே ஒரு டிகிரி தூக்கினால் போதும், 50 மீட்டர் தள்ளி ஒளிக்கற்றை 87 சென்டிமீட்டர் மேலே ஏறிவிடும். சாலைக்குப் போக வேண்டியது எதிரே வரும் பைக்காரரின் கண்ணுக்குப் போகிறது. இதற்காகவே பல வண்டிகளின் டேஷ்போர்டில் 0, 1, 2, 3 என்று எண் போட்ட ஒரு சின்னத் திருகி இருக்கிறது. பாரத்துக்கு ஏற்பத் திருப்பினால் ஹெட்லைட் கீழே குனியும். காசு கொடுத்து வாங்கிய வண்டியிலேயே சும்மா வந்த இந்தச் சாதனத்தை ஏசி பட்டன் என்று நினைத்துத் திருகிப் பார்த்து, காற்று வராததால் விட்டுவிட்டவர்கள் ஏராளம். பெரியவர் சோளக்காட்டில் லோடு ஏற்றியதும் அதைத் திருப்புகிறார். காரவள்ளியில் இறக்கியதும் பழையபடி வைக்கிறார்.

கொண்டை ஊசி வளைவில் எல்இடி பார் என்ன செய்யும் என்பதையும் பார்த்துவிடலாம். வண்டி இடது பக்கம் மடங்கும்போது பார் நேர் எதிரே உள்ள பள்ளத்தாக்குக்கு வெளிச்சம் காட்டும். அங்கே சாலை இல்லை. 70 தடவை அந்தப் பள்ளத்தாக்கு ஜொலிக்கும், அவ்வளவுதான். மேகம் இறங்கிய நாளில் கூரைமேல் பார் போட்டால் முன்னால் வெள்ளைச் சுவர் ஒன்று எழும்பும். அணைத்தால்தான் தடம் தெரியும்.

சமவெளியில் கதை இன்னும் மோசம். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வண்டி விநாடிக்கு 16 மீட்டருக்கு மேல் கடக்கிறது. எதிரே வருகிறவருக்கு மூன்றே விநாடி கண் இருண்டால் 50 மீட்டர் அவர் குருடராக ஓட்டுகிறார். வயது ஏற ஏற, கூசிய கண் தெளிய எடுக்கும் நேரமும் ஏறும். அந்த 50 மீட்டருக்குள் சாலையோரம் சைக்கிள் தள்ளிக்கொண்டு போகிறவர் இருக்கலாம், மாடு இருக்கலாம், வெள்ளைக்கோடு போடாத வேகத்தடை இருக்கலாம். (வெள்ளைக்கோடு போட்ட வேகத்தடையைக் கண்டவர் எத்தனை பேர் என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம்.) மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இல் 106-ஆம் விதி இதை மீட்டர் கணக்காகச் சொல்கிறது: விளக்கிலிருந்து 8 மீட்டர் தூரத்தில், ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணைக் கூசவைக்கக் கூடாது. 111-ஆம் விதியோ, பதிவு அதிகாரியின் ஒப்புதலோடு விதிவிலக்கான சூழலில் தவிர, முன்பக்கம் ஸ்பாட் லைட்டே கூடாது என்கிறது. கறிவேப்பிலைக் கட்டு ஏற்றிப்போவது விதிவிலக்கான சூழலா என்று எவரும் போய் விண்ணப்பித்ததாகத் தெரியவில்லை.

ஒருகாலத்தில் இதே நாட்டில் ஹெட்லைட் கண்ணாடியின் நடுவில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டினார்கள். கூசுகிறது என்று சோதனைச் சாவடியில் நிறுத்தி ஒட்டி அனுப்பியவர்கள் உண்டு. லாரிகளின் முதுகில் ‘யூஸ் டிப்பர் அட் நைட்’ என்று எழுதியிருக்கும். அந்த லாரிகளில் எரிந்தவை, இன்று “பத்தாது” என்று கழற்றி வீசப்படும் பல்புகளைவிட மங்கலானவை. அதற்கே அவ்வளவு வெட்கப்பட்ட சாலை இது.

முன்பக்கத்துக்கு இவ்வளவு சீர் செய்கிறவரின் வண்டிப் பின்பக்கம் போய்ப் பாருங்கள். 21/5 வாட் பல்பு ஒன்று, சில்லறைக் காசுக்குக் கிடைப்பது, மூன்று மாதமாக எரியவில்லை. பிரேக் அடித்தால் ஒற்றைக் கண் மட்டும் சிவக்கும். கம்பி, பைப் என்று பின்னால் நீட்டிக்கொண்டிருப்பதன் நுனியில் சிவப்புத்துணியும் இல்லை. ஒளி திருப்பும் பட்டையை எஃப்.சி. என்ற தகுதிச் சான்றுக்காக ஒட்டி, அதன்மேல் காதல் தத்துவம் எழுதிய ஸ்டிக்கர். சைடு மிரரில் பாதியைத் தலைவர் படம் மறைக்கிறது. தனக்கு உலகம் தெரிய வேண்டும், உலகத்துக்குத் தான் தெரிய வேண்டாம்! கொல்லிமலைப் பெரியவர் ஈரத்துணியால் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று நாலையும் துடைக்கிறார். துணி ஒன்றுதான்.

ஏர் ஹாரனையும் சும்மா விட முடியவில்லை. பல சுரத்தில் அலறும் ஹாரன்களை 119-ஆம் விதி தடை செய்திருக்கிறது. ஆனால் ஆஸ்பத்திரி வாசலில்தான் அவற்றின் முழு சங்கீதத்தையும் கேட்க முடிகிறது. அதே கடையில், அதே பில்லில், “சேஃப்டிக்குத்தாங்கண்ணா” என்று சொல்லித்தான் அதையும் விற்கிறார்கள்.

சட்டமே இல்லையா என்றால், தாராளமாக இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரள வழக்கு ஒன்றில் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாமல் பாகங்களைப் பொருத்தி வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சேந்தமங்கலத்துப் புது வண்டியைப் பிடித்து ஒவ்வொன்றாக எண்ண ஆரம்பித்தால் அடுத்த சில தவணைகளும் அரசாங்கத்துக்கே போய்விடும். ஆனால் சோதனை நடப்பது பெரும்பாலும் பகலில், ஹெல்மெட்டுக்கு. விளக்கு எரிவது ராத்திரியில்.

எஃப்.சி. காட்டும் வாரத்தில் மட்டும் அக்சசரீஸ் கடைகளில் தலைகீழ் வேலை நடக்கிறது. பார் கழலும், உருண்டை விளக்குகள் கழலும், ஏர் ஹாரன் டிரம்மோடு இறங்கும். அறுத்த வயர் நுனிகளுக்கெல்லாம் கறுப்பு டேப். ஹோல்டருக்குள் பழைய 60/55 பல்பு திரும்பப் போகிறது. அதைப் பத்திரமாகத் துணியில் சுற்றி டேஷ்போர்டு பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். வண்டி எஃப்.சி. அலுவலகம் போகிறது, ஹெட்லைட் சோதனையில் தேறுகிறது, முத்திரை வாங்கிக்கொண்டு அன்று ராத்திரி கம்பெனி லைட்டிலேயே வீடு வந்து சேருகிறது. மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கடை திறக்கும்போது முதல் ஆளாக வாசலில் நிற்கிறது.