வேலிக்கு வெளியேயும் நெய்வேலிதான்

நெய்வேலி ஆர்ச் கேட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினால், கையில் வரைபடம் இல்லாமலே இரண்டு ஊர்கள் கண்ணில் படும். வளைவுக்கு உள்ளே அகலச் சாலை, மரநிழல், வட்டம் வட்டமாகப் பிரித்துக் கட்டிய குவார்ட்டர்ஸ். வெளியே நெடுஞ்சாலையை ஒட்டி மெஸ், பட்டறை, செல்போன் கடை, மாடிக்கு மாடி வாடகை அறைகள். உள்ளே இருப்பது திட்டமிட்ட ஊர், வெளியே இருப்பது தானாக முளைத்த ஊர் என்று நகரத் திட்டமிடுபவர்களான நாமே எழுதியும் பேசியும் வந்திருக்கிறோம். அந்தப் பிரிவினை தவறானது என்பதைச் சொல்லவே இந்த உரை. வெளியே முளைத்ததும் உள்ளே போட்ட திட்டத்தின் விளைவுதான்.

நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956இல் தொடங்கப்பட்டது. மறு ஆண்டு சுரங்கப் பணியை நேரு தொடங்கி வைத்தார். 1962இல் முதல் அனல்மின் நிலையம் மின்சாரம் தந்தது. வளைவுக்கு உள்ளே இருக்கும் நகரியத்தின் நிலம் நிறுவனத்துக்குச் சொந்தம். வீடு பதவிக்கேற்ற ஒதுக்கீடு. பணிக்காலம் முடிந்தால் சாவியைத் திருப்பித் தர வேண்டும். பட்டா இல்லை, விற்பனை இல்லை, ஆகவே சந்தை விலையும் இல்லை.

மையத்திலிருந்து தள்ளிப் போகப் போக நிலத்துக்குத் தரத் துணியும் விலை குறையும் என்று வில்லியம் அலான்சோ 1964இல் வகுத்த கோட்பாட்டை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். நெய்வேலியில் அந்த விலைக்கோடு வேலிக்கு வெளியேதான் தொடங்குகிறது. உள்ளே இடம் கிடைக்காத தேவை முழுவதும் எல்லையோரத்தில் வந்து குவிகிறது.

அந்தத் தேவை ஒரே வகையானதும் இல்லை. ஓய்வு பெற்றவர், முப்பது ஆண்டு பழகிய மருத்துவமனையையும் பள்ளியையும் கடைத்தெருவையும் விட்டுப் போக மனமில்லாமல் பக்கத்திலுள்ள வடலூரிலோ இந்திரா நகரிலோ மனை வாங்குகிறார். குவார்ட்டர்ஸ் கிடைக்காத ஒப்பந்தத் தொழிலாளி, ஷிப்டுக்கு சைக்கிளில் போகும் தூரத்தில் வாடகை அறை தேடுகிறார். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பம், பறிபோன வயலுக்குப் பதிலாகப் பிழைப்புக்கு ஒரு கடை வைக்க இடம் தேடுகிறது. மூன்று தேவைகளும் ஒரே நிலத்துண்டில் மோதும்போது முந்திரித் தோப்பு மனைப்பிரிவாகிறது, வாய்க்கால் தெருவாகிறது. நகரியத்தை ஒட்டிய மந்தாரக்குப்பத்தின் நெருக்கத்தை அந்த ஊராரின் ஒழுங்கின்மை என்று சொல்வது அநியாயம்.

இது நெய்வேலிக்கு மட்டும் நேர்ந்ததும் அன்று. ஜாம்ஷெட்பூரில் டாட்டா நகரின் எல்லைக்கு வெளியே, சுவர்ணரேகா ஆற்றின் அக்கரையில், மாங்கோ இப்படித்தான் பெருத்தது. வேலை கொடுக்கும் நகரம் வீட்டுக்கான நிலத்தைத் திறந்துவிடாதபோது பக்கத்து ஊர்தான் அந்தப் பாரத்தைச் சுமக்கிறது.

நெய்வேலியில் இன்னொரு சிக்கல் உண்டு. இங்கே எல்லையே நகர்கிறது. சுரங்கம் முன்னேற முன்னேற வயலும் ஊரும் இடம் மாறுகின்றன. 2023 ஜூலையில் வளையமாதேவி கிராமத்தில் கதிர் விடும் நெல்வயலுக்குள் மண் தோண்டும் இயந்திரங்கள் இறங்கியதை நாடே பார்த்தது. வெளியேறுகிறவர்கள் போய்ச் சேரும் இடமும் இதே விளிம்புதான். இன்னொரு பக்கம், முதல் அனல்மின் நிலையம் 2020இல் மூடப்பட்டது. நிரந்தரப் பணியாளர்கள் குறைகிறார்கள், ஒப்பந்த வேலை பெருகுகிறது. குவார்ட்டர்ஸுக்கான தேவை சுருங்க, வாடகை அறைக்கான தேவை பெருகும். உள்ளே எடுக்கும் ஒவ்வொரு முடிவும் சில ஆண்டுகளில் வெளியே கட்டடமாக எழுந்து நிற்கும்.

ஆனால் நம் கோப்புகளில் இந்த உறவுக்கு இடமே இல்லை. நகரியத்தை நிறுவனம் பார்த்துக்கொள்கிறது. மந்தாரக்குப்பம் கங்கைகொண்டான் பேரூராட்சியில் இருக்கிறது. வடலூர் 2021 முதல் நகராட்சி. வடக்குத்து ஊராட்சி. ஒவ்வொன்றும் தன் எல்லைக்கோட்டில் வரைபடத்தை நிறுத்திக்கொள்கிறது. அனுமதியற்ற மனைப்பிரிவுகளை வரன்முறைப்படுத்த 2017இல் அரசு விதி கொண்டு வந்தது, முளைத்த பிறகு செய்த வைத்தியம். முளைக்கும் காரணம் வேலிக்கு உள்ளே இருந்தால், வெளியே மட்டும் வரன்முறைப்படுத்தி என்ன பயன்?

நம் துறையினரிடம் மூன்று வேண்டுகோள். நகரியத்தையும் சுற்றியுள்ள உள்ளாட்சிகளையும் சேர்த்து ஒரே நிலப்பயன்பாட்டு வரைபடம் வரையுங்கள். அடுத்த இருபது ஆண்டில் சுரங்கம் எங்கே வரும் என்பதை அதில் குறியுங்கள். சேமிப்பையெல்லாம் கொட்டி மனை வாங்குகிறவருக்கு அது தெரிந்தாக வேண்டும். நகரியத்தில் காலியாகும் குவார்ட்டர்ஸில் ஒரு பங்கை ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு வாடகைக்குத் தரும் வழியைத் திட்டத்திலேயே எழுதுங்கள்.

அடுத்த முறை நெய்வேலிக்கு ஆய்வுக்குப் போகிறவர்கள் ஆர்ச் கேட்டுக்கு வெளியிலிருந்து நடக்கத் தொடங்குங்கள். நகரியம் தனக்குள் இடம் தராத எல்லாவற்றையும் அந்தத் தெருக்களில் பார்க்கலாம்.