மலையா, மழையா? குழந்தைகள் எழுதியதை அவர்களே திருத்த ஸ்மார்ட் போர்டு உதவுமா?

அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 22 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்மார்ட் வகுப்பறைகள், ஆசிரியர்களுக்கு 79 ஆயிரத்துக்கும் மேற்பட்ட டேப்லெட்கள் எனப் பெரிய திட்டத்தைத் தமிழக அரசு கையில் எடுத்தது. பாட வீடியோ காட்ட இவை பயன்படும் என்பது தெரிந்ததுதான். ஆனா, ஒரு குழந்தை தான் எழுதியதைத் தானே படித்துத் திருத்தவும் இவை உதவுமா?

நோட்டில் என்ன நடக்கிறது?

ராஜபாளையம் அருகே சோழபுரத்தில் ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி இப்படி எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம்: "ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். தேர் பாத்தோம். மலை பேஞ்சுச்சு. பால்கோவா வாங்குனோம்."

வழக்கமா இதில் சிவப்பு மையால் நாலு சுழி விழும். குழந்தை சரியான சொல்லைப் பார்த்து எழுதும். அவ்வளவுதான். தப்பைக் கண்டுபிடிச்சது ஆசிரியர், திருத்தினதும் ஆசிரியர். அடுத்த கட்டுரையிலும் 'மலை பெய்யும்'.

ஸ்பெல் செக்கர் போதாதா?

தமிழுக்கு வாணி, நாவி, மென்தமிழ் போன்ற திருத்திகள் இருக்கின்றன. 'பாத்தோம்' என்பதை 'பார்த்தோம்' ஆக்க இவை உதவலாம். ஆனா 'மலை' சரியான சொல்தானே? சொல்லை மட்டும் பார்க்கும் திருத்தி அதை விட்டுவிடும். பனி - பணி, கரி - கறி எல்லாம் இதே சிக்கல்தான். தென்மாவட்டப் பேச்சில் ழகரம் பெரும்பாலும் ளகரமாகவே ஒலிப்பதால், காதால் கேட்டு மட்டும் 'ழ' என்று கண்டுபிடிப்பது கடினம். அர்த்தத்தை யோசித்தால்தான் பிடிபடும்.

அதைவிட முக்கியம், 'யாரோடு போனாய்? மழை வந்ததும் தேர் என்ன ஆனது?' என்று எந்தத் திருத்தியும் கேட்காது. எழுத்துப்பிழை நீக்குவது வேறு, எழுதியதை மேம்படுத்துவது வேறு.

திரை எங்கே உதவும்?

* டேப்லெட்டில் நோட்டுப் பக்கத்தை போட்டோ எடுத்து, பெயரை மறைத்து, போர்டில் பெரிதாகக் காட்டலாம். வகுப்பே கேள்வி கேட்கும். பதில் எழுதுவது அந்தக் குழந்தை.
* குழந்தை தன் கட்டுரையை வாசிப்பதைப் பதிவு செய்து திரும்பப் போட்டால், விட்டுப்போன சொல்லும் முடியாத வாக்கியமும் காதில் உறுத்தும்.
* முதல் வடிவத்தையும் மாற்றி எழுதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எது மாறியது என்று குழந்தைக்கே தெரியும்.

இதுக்கு ஆளுக்கொரு கம்ப்யூட்டர் வேண்டாம். நடுநிலைப் பள்ளி ஹைடெக் லேப்களில் மாணவர்களே டைப் செய்தால் இன்னும் சுலபம். நடுவில் ஒரு வரி சேர்க்க, பக்கம் முழுவதையும் திரும்ப எழுத வேண்டியதில்லை.

ஆய்வு என்ன சொல்கிறது?

அமெரிக்காவில் ஸ்டீவ் கிரஹாம், டோலரஸ் பெரின் இருவரும் 2007-ல் வெளியிட்ட அறிக்கை, எழுத்துத்திறனை வளர்க்கும் 11 வழிகளைப் பட்டியலிட்டது. கம்ப்யூட்டரில் எழுதுவது அதில் ஒன்று. மாணவர்கள் சேர்ந்து திட்டமிட்டு எழுதித் திருத்துவது இன்னொன்று. கருவி மட்டும் தனியாக வேலை செய்யாது என்பதுதான் இதில் நமக்கான பாடம்.

தடை எங்கே?

முதல் தடை டைப்பிங். தமிழ்99 விசைப்பலகையை 1999-லேயே அரசு ஏற்றது. ஆனாலும் இன்று பலரும் ஆங்கில எழுத்தில் தட்டித்தான் தமிழ் வரவழைக்கிறோம். அப்படிப் பழகும் குழந்தைக்கு ல, ள, ழ குழப்பம் இன்னும் கூடும்.

இரண்டாவது, நேரம். ஒரே கட்டுரையை இரண்டு முறை எழுத வகுப்பில் பீரியட் ஒதுக்கணும். கற்றல் நிலை பற்றி அதிகம் பேசப்படும் அசர் ஆய்வு, முக்கியமாக வாசிப்பையும் கணக்கையும்தான் பார்க்கிறது. எழுத்தை யாரும் அளக்காதபோது, அதற்கு நேரம் கிடைப்பதும் கஷ்டம்.

வீட்டில் என்ன செய்யலாம்?

குழந்தை எழுதியதை போனில் போட்டோ எடுத்து வையுங்க. மறுநாள் பெரிதாக்கிக் காட்டி, சத்தமாகப் படிக்கச் சொல்லுங்க. "மலை பெய்யுமா?" என்று கேட்கலாம். திருத்துகிற பேனா மட்டும் குழந்தை கையிலேயே இருக்கட்டும்.