எண் சொல்லும் சேதி



சென்ற மாதம் என் வீட்டார் வழியாக எனக்கொரு கேள்வி வந்தது. எங்கள் மதரஸாவில் ஓதும் சிறுமி ஒருத்தியின் தாயார் கேட்டனுப்பியது. அவர் இரண்டாவதாகத் தரித்த கரு முத்துப்பிள்ளை எனக் கண்டு மருத்துவமனையில் அகற்றிவிட்டார்கள். "உதிரப்போக்கு நின்றுவிட்டது, உடம்பும் தேறிவிட்டது. அதற்குப் பிறகும் வாரந்தோறும் இரத்தம் எடுக்க வரச் சொல்கிறார்களே, எதற்காக? வீண்செலவு என்கிறார் மாமியார்."

நான் கலைப்பட்டம் பெற்றவன். உயிரணுக்களைப் பற்றிய நூல்களை அகராதியின் துணையோடுதான் படிக்கிறேன். ஆயினும் இக்கேள்விக்குரிய விடையை மெய்ப்பிக்கப் போய் ஓர் ஆய்வாளர் தம் பதவியையே இழந்தார் என்பதை அறிவேன். அவர் சீனத்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய மருத்துவர் மின் சியூ லி.

கரு உருவானதும் அதன் புறத்தேயுள்ள உயிரணுக்கள் கருப்பையின் சுவரைத் துளைத்து வேர்விடுகின்றன. தாயின் இரத்தத்திலிருந்து சிசுவுக்கு உணவு பெற்றுத்தரும் நச்சுக்கொடி இவற்றிலிருந்தே தோன்றுகிறது. எச்.சி.ஜி. என்னும் சுரப்பையும் இவையே வெளியிடுகின்றன. கர்ப்பத்தை உறுதிசெய்யச் சிறுநீரில் தேடுவது இச்சுரப்பைத்தான். நல்ல கருவில் இவ்வுயிரணுக்கள் ஓர் எல்லையோடு நின்றுவிடும். முத்துப்பிள்ளையிலோ சிசு வளராது. இவை மட்டும் திராட்சைக்குலை போலப் பெருகும். அகற்றிய பின் எஞ்சிய சில, அரிதாகப் புற்றுநோயாகி நுரையீரல் வரை பரவும். கோரியோகார்சினோமா என்பது அதன் பெயர். 1950-களின் நடுப்பகுதி வரை, அவ்வாறு பரவிய பின் பிழைத்தவர் மிகச் சிலரே.

அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தில் ராய் ஹெர்ட்ஸ் என்னும் ஆய்வாளர் இருந்தார். ஃபோலிக் அமிலம் இல்லாத தீனியிட்டு வளர்த்த கோழிக் குஞ்சுகளுக்குப் பெண்மைச் சுரப்பைக் கொடுத்தாலும் அவற்றின் முட்டைக்குழாய் வளர்வதில்லை என்று அவர் 1940-களிலேயே கண்டிருந்தார். கர்ப்பிணிகளுக்குத் தரும் சத்து மாத்திரையில் இருப்பதும் இதே ஃபோலிக் அமிலந்தான். அதைப் போல வேடமிட்டு உயிரணுவை ஏமாற்றும் மருந்து மெத்தோட்ரெக்சேட். அம்மருந்து உருவான லெடர்லி ஆய்வுக்கூடத்தின் ஆராய்ச்சிப் பணிகளை நடத்தியவர், நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகடா சுப்பாராவ் என்பதை இவ்விடத்தில் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.

1956-இல் லியும் ஹெர்ட்ஸும், நுரையீரல் வரை நோய் பரவியிருந்த ஓர் இளம்பெண்ணுக்கு இம்மருந்தைச் செலுத்தினர். நுரையீரலில் இருந்த கட்டிகள் கரைந்தன, அப்பெண் பிழைத்தார். உறுப்பில் திரளும் புற்றுநோயை மருந்தால் மட்டுமே தீர்க்கலாம் என்பதற்கு முதற்சான்று அதுவே.

இடர் அதன் பிறகுதான் தொடங்கியது. கட்டிகள் எக்ஸ்-ரே படத்தில் மறைந்த பின்னும் சில பெண்களின் சிறுநீரில் எச்.சி.ஜி. சிறிதளவு இருந்தது. சிசு இல்லை, நச்சுக்கொடி இல்லை. பின் அது எங்கிருந்து வரும்? கண்ணுக்குப் புலப்படாத நோயிலிருந்துதான் என்றார் லி. அச்சுரப்பு அடியோடு மறையும் வரை மருந்தை நிறுத்த மறுத்தார். மருந்தோ கடுமையானது: வாய்ப்புண், வாந்தி, இரத்த அணுக்களின் குறைவு எல்லாம் உண்டு. நலமாகத் தோன்றும் பெண்ணை ஓர் எண்ணுக்காக வதைப்பதா என்று மேலோர் சினந்தனர். அவர்கள் அஞ்சியதையும் முற்றிலும் தவறென்று சொல்லிவிட முடியாது. 1957-இல் லி பணியிலிருந்து விலக்கப்பட்டார்.

மருந்தை இடையில் நிறுத்தியவர்களுக்கு நோய் மீண்டது. எண் மறையும் வரை லி மருந்து கொடுத்தவர்களுக்கு மீளவில்லை. 1972-இல் ஹெர்ட்ஸ் உள்ளிட்ட பிற அறிஞர்களுடன் அவருக்கும் லாஸ்கர் விருது வழங்கப்பட்டது.

சகோதரியே, உங்களிடம் வாரந்தோறும் எடுக்கும் இரத்தத்தில் தேடுவது அந்த எண்ணைத்தான். முழுமையான முத்துப்பிள்ளை கண்ட 100 பெண்களில் 15 முதல் 20 பேருக்கு அது முறையாகத் தணியாமல் மருந்து தேவைப்படுகிறது. உரிய வேளையில் கண்டால் ஏறத்தாழ அனைவரும் குணமாகிறார்கள். பெரும்பாலோர் பின்னர் பிள்ளையும் பெறுகிறார்கள். எண் தணிந்த பிறகும் மருத்துவர் குறிக்கும் மாதங்கள் வரை பரிசோதனையைத் தொடருங்கள். அதுவரை மறு கர்ப்பம் கூடாது. புதுக் கருவும் அதே சுரப்பைக் கூட்டுமாதலால் எது நோய், எது கரு எனப் பிரித்தறிய இயலாது போகும்.

மாமியாருக்கும் ஒரு சொல். முத்துப்பிள்ளை கண்ணேறால் வருவதன்று. மருமகள் பாரம் தூக்கியதால் வருவதுமன்று. முழுமையான முத்துப்பிள்ளையில் உள்ள நிறப்புரிகள் யாவும் தந்தை வழியே வந்தவை என்று 1977-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். தன் உட்கருவை இழந்த சினைமுட்டையில் விந்தணு புகுந்ததால் நேர்ந்த விபத்து அது. இதைச் சொல்வதால் உங்கள் மகன்மீது பழி போடுவதாக எண்ண வேண்டா. அவருக்கும் அதில் யாதொரு கையுமில்லை.

இவ்வளவையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தனுப்பினேன். அடுத்த பரிசோதனைக்குக் கணவர் கடையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு உடன்போவதாக மறுநாளே பதில் வந்தது.