'கடைசி' என்று எழுதுவதற்கு முன்

2019 ஆகஸ்ட் 30 அன்று, கொச்சி மட்டாஞ்சேரியின் யூதத் தெருவில் வாழ்ந்த சாரா கோகன் தம் 96ஆம் வயதில் மறைந்தார். ஐந்து ஆண்டுகள் கழித்து, 2024 ஆகஸ்டில், குயீனி ஹல்லெகுவா தம் 89ஆம் வயதில் மறைந்தார். முன்னவரைக் கொச்சிப் பரதேசி யூதர்களில் 'மிக மூத்தவர்' என்றும் பின்னவரை அச்சமூகத்தின் 'கடைசிப் பெண்' என்றும் செய்திகள் குறித்தன. இரண்டும் பிழையான தகவல்கள் அல்ல. ஆயினும் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு நீண்ட வாழ்வைப் பற்றி முதலில் சொல்லத்தக்கது இதுதானா என்ற கேள்வி என்னை விட்டு அகலவில்லை.

குற்றம் செய்தியாளர்களுடையது மட்டுமன்று. என் ஆய்வு முன்வரைவின் தலைப்பிலும் 'கடைசி' என்ற சொல் இருந்தது. அச்சொல் ஆய்வுக்கு ஓர் அவசரத்தைத் தருகிறது. நிதி கேட்கும் விண்ணப்பத்துக்கு வலுவூட்டுகிறது. ஆனால் அது ஒரு மனிதரைக் குறிப்பதுபோல் தோன்றி, உண்மையில் ஒரு தொகையின் தேய்வை மட்டுமே குறிக்கிறது. அந்தப் பெண் என்ன செய்தார், யாரை வளர்த்தார், எதைக் கற்பித்தார் என்பவையெல்லாம் அதன் நிழலில் மறைந்துவிடுகின்றன.

இதில் ஒரு முரணும் உண்டு. மரபுவழி யூத வழிபாட்டில் கூட்டுத் தொழுகை நடைபெறப் பத்து ஆண்கள் கூடியிருக்க வேண்டும். மின்யான் எனப்படும் அந்த எண்ணிக்கையில் பெண்கள் சேர்வதில்லை. 1950களில் பெருந்திரளாக இஸ்ரேலுக்குக் குடிபெயர்வு நிகழ்ந்தபின், 1568இல் எழுப்பப்பட்ட பரதேசி சினகாக்கில் பத்துப் பேரைத் திரட்டுவதே நாளடைவில் அரிதாயிற்று. வாழ்ந்த காலமெல்லாம் அந்தப் பத்தில் சேராத பெண்கள், இறந்த நாளில் 'கடைசி' என்று எண்ணப்படுகிறார்கள். எண்ணுவோர் மாறினாலும், பெண்ணின் வாழ்வு எண்ணுவோரின் தேவைக்கேற்பவே கணக்கில் வருகிறது.

சாரா கோகனை அவருடைய ஊசியின் வழியாக நினைவுகூரலாம். யூத ஆண்கள் தலையில் அணியும் கிப்பா, ஓய்வுநாள் ரொட்டியை மூடும் துணி ஆகியவற்றில் அவர் கையால் பூவேலை செய்து, தம் வீட்டுக் கடையில் விற்றார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. அத்தெருவில் சுற்றுலாப் பயணிகளுக்கு அஞ்சலட்டை விற்றுவந்த தாகா இப்ராகிம் என்ற முஸ்லிம் சிறுவனுக்கு, அவன் சரக்குகளை வைத்துக்கொள்ள அவருடைய கணவர் ஜேக்கப் கோகன் தம் வீட்டில் இடம் கொடுத்தார். 1999இல் ஜேக்கப் மறைந்தபின் சாராவின் முதுமைக்குத் துணையாக நின்றவர் அந்தத் தாகாதான். சாராவுக்குப் பின்னும் அவர் பெயரிலேயே அக்கடையை நடத்திவந்தார். பெறாத பிள்ளைக்கும் தாயாக முடியும் என்பதை அத்தெரு நெடுங்காலம் கண்முன் கண்டது.

இதை மத நல்லிணக்கத்தின் இனிய கதையாக மட்டும் சொல்லி முடித்துவிடக் கூடாது. அதே தெரு பிறப்பால் மனிதரைத் தரம்பிரித்த தெருவும்கூட. அடிமைநிலையிலிருந்து விடுவிக்கப்பட்டோரின் வழித்தோன்றல்களுக்குப் பரதேசி சினகாக்கின் உள்ளே சம இடம் மறுக்கப்பட்டிருந்தது. அவர்களுள் ஒருவரான வழக்கறிஞர் ஏ. பி. சேலம், காந்திய வழியில் சத்தியாகிரகம் செய்தே அந்த விலக்கை எதிர்க்க வேண்டியிருந்தது. குருதித் தூய்மையை அவ்வளவு கவனமாகக் காத்த ஒரு சமூகத்தின் மூத்த பெண்ணொருவர், தம் இறுதி ஆண்டுகளில் குருதித் தொடர்பற்ற ஒருவரின் கையைப் பற்றி நடந்தார். இந்த உண்மை 'மிக மூத்தவர்', 'கடைசிப் பெண்' என்ற சொற்களுக்குள் அடங்காது. எறணாகுளம் பகுதியில் இன்றும் வாழும் மலபாரி யூதர்களும் அடங்கமாட்டார்கள். பரதேசிகளின் முடிவையே கொச்சி யூதர் அனைவரின் முடிவாகச் சொல்லும்போது, பழைய தரவரிசையை நாமே மீண்டும் எழுதுகிறோம்.

கொச்சி யூதப் பெண்களுக்கென்று நெடிய பாட்டு மரபு ஒன்று உண்டு. திருமணங்களிலும் திருவிழாக்களிலும் அவர்கள் மலையாளத்தில் பாடினார்கள். பாடல்களைக் குறிப்பேடுகளில் எழுதி வைத்துக்கொண்டார்கள். ஒன்றோடொன்று மண உறவு கொள்ளாத பிரிவுகளின் பெண்களிடத்திலும் பொதுவான பாடல்கள் வழங்கின. இஸ்ரேலுக்குச் சென்றவர்களோடு அக்குறிப்பேடுகளும் சென்றன. ஸ்கரியா சக்கரியா, பார்பரா ஜான்சன் போன்றோர் அவற்றைத் தேடித் தொகுத்து, 2005இல் 'கார்குழலி' என்ற பெயரில் ஒரு தொகுப்பு வெளிவந்தது. கொச்சியில் பிறந்து 1951இல் இஸ்ரேலுக்குச் சென்ற ரூபி டேனியல், ஜான்சனுடன் இணைந்து தம் நினைவுகளை 1995இல் நூலாக்கினார். பாட்டிமார் பேத்திகளுக்குக் கொடுத்தவை இன்று வேறொரு நிலத்தில் வாழ்கின்றன. அவர்களையும் சேர்த்துப் பார்த்தால், கொச்சியில் ஒருவர் மறைவதை அம்மரபின் முற்றுப்புள்ளியாக எழுத முடியாது.

மக்கள்தொகை அருகிவருவது உண்மைதானே, அதைப் பதிவுசெய்வது வரலாற்றாளரின் கடமையல்லவா என்று நண்பர்கள் கேட்கலாம். கடமைதான். வழிபாட்டுக்குப் பத்துப் பேர் இல்லாமற்போவது பேரிழப்பு. அதை மழுப்பத் தேவையில்லை. ஆனால் அந்த எண்ணிக்கை கட்டுரையின் ஒரு பத்தியில் இருக்கட்டும். ஒருவருடைய வாழ்வுக்கு அது தலைப்பாக வேண்டாம். நம் சொந்த வீட்டில் ஒரு பாட்டி இறந்தால், 'அந்தத் தலைமுறையில் எஞ்சியிருந்தவர்' என்று மட்டும் சொல்லி எழுந்துவிடுவோமா? அவர் சமைத்ததை, கோபித்ததை, யாருக்கு எதைக் கொடுத்தார் என்பதைத்தான் இரவெல்லாம் பேசுவோம். நம் பாட்டிக்குத் தரும் அந்த உரிமையைப் பிறர் பாட்டிக்கு ஏன் மறுக்கிறோம்?

அருகிவரும் சமூகங்களைப் பற்றிக் களப்பணிக்குச் செல்லும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அது பார்சிகளாயினும் பெனே இஸ்ரேல் யூதர்களாயினும் கொல்கத்தாவின் பாக்தாதி யூதர்களாயினும், முதியவர் ஒருவரின் முன் அமரும்போது 'இன்னும் எத்தனை பேர் இருக்கிறீர்கள்?' என்று தொடங்காதீர்கள். அக்கேள்வியை அவர்கள் ஆயிரம் முறை கேட்டிருப்பார்கள். தம் சாவைப் பற்றித்தான் வந்தவர் விசாரிக்கிறார் என்பதும் அவர்களுக்குத் தெரியும். 'யாரிடம் கற்றீர்கள்? யாருக்குக் கற்பித்தீர்கள்?' என்று தொடங்குங்கள்.

என் முன்வரைவின் தலைப்பை மாற்றிவிட்டேன். விண்ணப்பத்தின் வலு சற்றுக் குறைந்திருக்கலாம். அந்த இழப்பு எனக்குச் சம்மதமே.