மலைத் தண்ணீர் லென்ஸுக்கு ஆகாது



முகூர்த்த மாதம் வந்தால் நம் மலையிலும் கலர் லென்ஸ் வந்துவிடுகிறது. கழுவுவது எதில்? குழாயில். கேட்டால், "கொடைக்கானல் தண்ணி சுத்தமாச்சே!" என்கிறார்கள். இந்தப் பேச்சைத்தான் நான் எதிர்க்கிறேன்.

குடிக்கிற சுத்தம் வேறு, கண்ணுக்கான சுத்தம் வேறு. ஓடை, தொட்டி, குழாய், மண் எல்லாவற்றிலும் அகந்தமீபா என்ற ஒருசெல் உயிரி உண்டு. வயிற்றுக்குள் போனால் ஒன்றும் செய்யாது. லென்ஸில் ஒட்டி, கருவிழியின் சிறு கீறல் வழியே இறங்கினால் விடாது. ஆபத்து வந்தால் தன்னைச் சுற்றி இரட்டைச் சுவர் கட்டிக்கொள்ளும். குழாய்த் தண்ணீரின் குளோரினுக்கும் சாகாது, நம் மலைக் குளிருக்கும் சாகாது. மாதக்கணக்கில் சொட்டு மருந்து ஊற்றியும் சிலருக்குப் பார்வை போய்விடுகிறது.

"அது வெள்ளைக்காரன் நாட்டு நோய், சார்" என்பார்கள். அங்கே பெரும்பாலும் லென்ஸ் போடுகிறவர்களுக்கு வருகிறது. நம் நாட்டில் லென்ஸையே பார்த்திராத விவசாயிகளுக்கும், சேறும் அழுக்குத் தண்ணீரும் கண்ணில் பட்டு வருகிறது. கிருமி ஏற்கெனவே நம் தோட்டத்தில் இருக்கிறது. அதைக் கண்ணோடு ஒட்டவைக்கும் வேலையை நாமே ஏன் செய்ய வேண்டும்?

2006-இல் பாஷ் அண்ட் லோம்ப் நிறுவனம், ரெனு மாய்ஸ்சர்லாக் என்ற லென்ஸ் திரவத்தை உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது. அதைப் பயன்படுத்தியவர்களின் கருவிழியில் ஃபுசேரியம் பூஞ்சை தாக்கியிருந்தது. லென்ஸுக்கென்றே செய்த திரவமே தோற்ற இடத்தில் குழாய்த் தண்ணீர் எம்மாத்திரம்?

கண்ணைப் பரிசோதிக்காமல் லென்ஸ் விற்கிறவரையும், ஒரே ஜோடியை மணப்பெண்ணுக்கும் தோழிக்கும் மாட்டிவிடுகிற அலங்காரக்காரரையும் நான் மன்னிக்கத் தயாரில்லை. நீங்களும் தட்டிக் கேளுங்கள்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்த பிறகே லென்ஸைத் தொடுங்கள். தண்ணீரோ எச்சிலோ அதில் படக்கூடாது. பழைய திரவத்தின் மேல் புதியதை ஊற்றாதீர்கள். லென்ஸோடு தூங்காதீர்கள், குளிக்காதீர்கள். டப்பாவை மூன்று மாதத்துக்குள் மாற்றுங்கள்.

கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் கூசினால் லென்ஸை உடனே கழற்றுங்கள். மெடிக்கலில் கேட்டு ஸ்டீராய்டு சொட்டு ஊற்றவே ஊற்றாதீர்கள். அது சிவப்பைக் குறைத்துக் காட்டும், உள்ளே கிருமியை வளரவிடும். காலையில் பஸ் ஏறினால் மதியம் மதுரை. 1976 முதல் அங்கே அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. லென்ஸையும் டப்பாவையும் கையோடு கொண்டுபோங்கள். கிருமியைக் கண்டுபிடிக்க அவையும் உதவும்.

கல்யாண வீடு இருக்கிற குடும்பங்களுக்கு இதை அனுப்பி வையுங்கள். போட்டோவுக்கு ஒரு நாள், கண்ணுக்கு ஆயுள் முழுவதும்.