விளையாட்டரங்கமும் சிற்றுண்டியும்

விளையாட்டுகள் பலவற்றுள்ளும் உதைபந்தாட்டமே ஏழை எளியவர்க்கு மிகவும் உரியது என்பது யாவரும் ஒப்புக்கொள்ளும் உண்மை. ஒரு பந்தும் ஒரு வெற்று நிலமும் கிடைத்துவிட்டால் இருபத்திரண்டு பேர் ஆடலாம். ஊரார் அனைவரும் கரையில் நின்று காணலாம். ஆயின் அவ்வாட்டமே மதிலும் நுழைவுச்சீட்டும் மின்விளக்கும் காவலரும் உடைய அரங்கத்துள் புகுந்த பின்னர், அதனைக் காணச் செல்வோரின் பசிக்கும் தாகத்துக்கும் நேர்வது யாது என்று ஆராய்வோர் மிகச் சிலரே. ஆட்டக்காரர் எதை எப்பொழுது உண்ண வேண்டுமென்று கூறும் நூல்கள் எண்ணிறந்தன. பார்ப்பவர் உண்பதைப் பற்றிப் பேசப் புகுந்தாலோ, இஃது அற்ப விஷயமன்றோ என்று நகைப்பார் உளர். அற்பமன்று என்பதையும், அதனைச் சீர்திருத்தும் வழி நம் ஊரிலேயே இருக்கின்றது என்பதையும் எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஓசூரினின்றும் பெங்களூர் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். கிருஷ்ணகிரியினின்றும் ஏறக்குறைய 90 கிலோமீட்டர். ஆதலின் நம் பகுதி மாணவரும் தொழிலாளரும் பெரிய பந்தாட்டம் ஒன்றைக் காண விரும்பினால், சென்னைக்குச் செல்லாது எல்லையைக் கடந்து ஸ்ரீ கண்டீரவா அரங்கத்துக்கே செல்லுதல் வழக்கம். 2013இல் தோன்றிய பெங்களூர் உதைபந்தாட்டக் கழகத்துக்கு அவ்வரங்கம் இல்லமாயிற்று. 2018 மார்ச் 17ஆம் நாள் இந்தியன் சூப்பர் லீக் இறுதியாட்டம் அங்கே நிகழ்ந்தபொழுது, சென்னையின் கழகம் பெங்களூர்க் கழகத்தை 3-2 என்ற கணக்கில் வென்றது. மொழியால் ஒரு பக்கமும் அண்மையால் மற்றொரு பக்கமும் சார்ந்த நம் எல்லைப்புறத்தாருக்கு அன்று நேர்ந்த மனப்போராட்டத்தை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இத்தகைய ஆட்டங்கள் பல இரவு 7.30 மணிக்குத் தொடங்கியவை. ஆலையில் பகல்முறை வேலை முடித்தவன் ஒருவன் அந்நேரத்துக்குள் அரங்கத்தை அடைய வேண்டுமாயின் இடையில் எங்கும் நின்று உண்ண இயலாது. ஆட்டம் முடிய ஒன்பதரை மணியாகும். நெரிசலைக் கடந்து பேருந்து ஏறி வீடு சேரும்பொழுது நள்ளிரவு நெருங்கிவிடும். ஆகவே அரங்கத்துக் கடையில் அவன் வாங்குவது பொழுதுபோக்குக்காகக் கொறிக்கும் பண்டமன்று. அதுவே அவனது இராவுணவு. அரங்கத்து உணவின் தரத்தையும் விலையையும் குறித்துப் பேசுவோர் முதற்கண் மனத்திற் கொள்ள வேண்டியது இதுவேயாம்.

நிற்க. இரும்பு வாயிலில் நிகழ்வதை நோக்குவோம். காவலர் பையைத் திறந்து பார்த்துத் தண்ணீர்ப் புட்டியையும் வீட்டிலிருந்து கட்டிவந்த பொட்டலத்தையும் வாங்கி வைத்துவிடுகின்றனர். புட்டியை ஆடுகளத்துள் எறிவார் உண்டாகையால் அவ்விதி தேவை என்பர். அவ்வாறே ஆகுக, அதனை நாம் மறுக்கவில்லை. ஆயினும் ஒருவன் கையிலுள்ள நீரை வாங்கிக்கொண்டவர், அவன் தாகத்துக்குப் பொறுப்பையும் உடன் ஏற்றுக்கொண்டவரே ஆவர். வெளியே செல்லவும் ஒட்டாமல், உள்ளே கொண்டுவரவும் விடாமல், மூன்று மணி நேரம் ஒரு கூட்டத்தை மதிலுக்குள் வைத்திருப்பவர் அக்கூட்டத்தை விருந்தினராக நடத்துதல் வேண்டும். அகப்பட்டுக்கொண்ட வாடிக்கைக்காரராக நடத்துதல் அறமாகாது.

இப்பொறுப்பு மறக்கப்பட்டபொழுது விளைந்ததை நாடு ஒருமுறை கண்டது. 2017 அக்டோபர் 6ஆம் நாள், பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைப் போட்டியில் இந்தியா முதன்முறையாக ஆடியது. டில்லி ஜவாஹர்லால் நேரு அரங்கத்தில் 40,000க்கும் மேற்பட்டோர் கூடினர். அவருள் பள்ளிப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கினர். குடிநீரும் உணவும் போதாமையால் பிள்ளைகள் வருந்தினர். அமைப்புக் குழுவினர் பின்னர் வருத்தம் தெரிவித்தனர். தம் நாட்டின் முதல் உலகக் கோப்பை ஆட்டத்தைக் காண வந்த சிறுவரின் நினைவில் பந்தோடு தாகமும் பதிந்திருக்குமன்றோ?

சட்டமும் இது விஷயத்தில் முற்றும் வாளாவிருக்கவில்லை. திரைப்பட அரங்குகளைப் பற்றிய வழக்கொன்றில் 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. வெளியுணவைத் தடுக்க அரங்க உரிமையாளருக்கு அதிகாரம் உண்டு என்று கூறிய அந்நீதிமன்றம், தூய குடிநீரைக் கட்டணமின்றித் தருவதையும், கைக்குழந்தைகளுக்கு வேண்டும் உணவைப் பெற்றோர் கொண்டுவர விடுவதையும் உடன் வலியுறுத்தியது. திரைப்படம் காண்போனுக்கு உரிய நீர் பந்தாட்டம் காண்போனுக்கு உரியதாகாது என்று சொல்லுவதற்கு நியாயம் ஒன்றும் நமக்குப் புலப்படவில்லை.

இனி விலையைக் கருதுவோம். அரங்கத்துள் கடை வைப்பவர் அதற்குப் பெருந்தொகை கொடுக்கின்றார். ஆண்டில் சில நாள்களே அவருக்கு விற்பனை. ஆதலின் கொடுத்த தொகையைச் சில மணி நேரத்தில் மீட்க முயல்கின்றார். இங்ஙனம் ஏலத்தொகை முழுவதும் கடைசியில் வடையின் தலைமேலும் தேநீரின் தலைமேலும் ஏறிவிடுகின்றது. வியாபாரியைக் கொடியவர் என்று பழிப்பதால் பயனில்லை. அவரை அந்நிலையில் நிறுத்திய ஏற்பாடே பிழையுடையது. ஆயினும், புட்டியின்மீது அச்சிட்ட அதிகபட்சச் சில்லறை விலைக்கு மேல் கேட்பதற்கு இதனைச் சாக்காகக் கொள்ளுதல் கூடாது. உணவு விடுதிகள் இடமும் ஏவலும் அளிப்பதால் அவ்விலையைக் கடக்கலாம் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது மெய்யே. தள்ளுமுள்ளில் நின்று கையை நீட்டிப் புட்டியை வாங்கித் தானே தன் இருக்கைக்குச் சுமந்து செல்பவனுக்கு எந்த ஏவல் அளிக்கப்பட்டது? அவன் 1915 என்னும் நுகர்வோர் உதவி எண்ணுக்கு முறையிட்டால் அது குற்றமாகாது; கடமையே யாகும்.

இவ்விடத்தில் நம் ஓசூரின் அனுபவத்தை நினைவுகூர்தல் பொருத்தமாம். அசோக் லேலண்டு, டி.வி.எஸ்., டைட்டன் முதலிய பெருந்தொழிற்சாலைகள் நிலைபெற்ற ஊர் இது. தொழிற்சாலையும் மதில் சூழ்ந்ததே. அங்கும் மனிதர் பல மணி நேரம் வெளியே செல்லாது இருக்கின்றனர். ஆனால் அவர் பசியை ஏலக்காரரிடம் ஒப்புவிக்கச் சட்டம் இசையவில்லை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளில் சிற்றுண்டிச்சாலை அமைக்க விதிசெய்தது. அதனை நடத்துவதற்கு ஒரு குழு வேண்டுமென்றும், அக்குழுவில் தொழிலாளரின் பிரதிநிதிகள் அமர வேண்டுமென்றும், சில செலவுகளை உணவின் விலையிற் சேர்க்காது முதலாளியே ஏற்க வேண்டுமென்றும் வகுத்தது. 2020இல் நிறைவேறிய புதிய தொகுப்புச் சட்டமோ அவ்வெண்ணை 100 ஆகக் குறைத்துள்ளது. இதன் உட்பொருள் மிகத் தெளிவானது: வெளியே சென்று உண்ண இயலாதவனுக்கு விலைகூறும் உரிமை விற்பவனிடம் மட்டும் இருத்தலாகாது, உண்பவனுக்கும் அதில் ஓர் இடம் வேண்டும். பகலில் ஆலைக்குள் இவ்வுரிமையுடன் உண்டவன், இரவில் அரங்கத்துள் அதனை இழப்பானேன்?

விலையைக் குறைத்தால் அரங்கம் நஷ்டமடையுமே என்பார்க்கு அமெரிக்க நாட்டு அட்லாண்டா நகரம் விடை கூறுகின்றது. 2017இல் திறக்கப்பெற்ற அந்நகரத்து மெர்சிடஸ் பென்ஸ் அரங்கத்தில் தொத்திறைச்சி வைத்த ரொட்டிக்கு 2 டாலர், மீண்டும் மீண்டும் நிரப்பிக்கொள்ளும் குளிர்பானத்துக்கு 2 டாலர் என்று விலை வைத்தனர். முந்திய அரங்கின் விலைகளை நோக்க இவை ஏறக்குறையப் பாதியே. வரியையும் உள்ளடக்கி முழு டாலராகவே விலை நிறுத்தினமையால் சில்லறை தேடும் தொல்லையும் ஒழிந்தது. முதலாண்டின் முடிவில், ஆளொருவர் உணவுக்குச் செலவிட்ட தொகை 16 விழுக்காடு உயர்ந்ததென்று அரங்கத்தார் வெளியிட்டனர். முன்பு வெளியே உண்டு வந்தவர், உள்ளே வந்து குடும்பத்துடன் உண்ணலாயினர். ஒன்று வாங்கியவர் இரண்டு வாங்கினர். செல்வம் மிக்க அந்நாட்டுக்கே இது பொருந்துமாயின், பத்து ரூபாயையும் எண்ணிச் செலவிடும் நம் நாட்டுக்கு எத்துணை பொருந்தும்!

மலிவாகவும் பெருந்தொகையினர்க்கும் சமைத்தல் நம்மவர்க்குப் புதிதன்று. 2013இல் சென்னையில் தொடங்கிய அம்மா உணவகம் ஒரு ரூபாய்க்கு இட்டலி அளித்தது. 2017இல் பெங்களூரில் தொடங்கிய இந்திரா உணவகம் 5 ரூபாய்க்குக் காலைச் சிற்றுண்டியும் 10 ரூபாய்க்குச் சாப்பாடும் அளித்தது. அவை அரசின் பொருளுதவியால் நடப்பவை. அவ்விலையை அரங்கத்தில் எதிர்பார்த்தல் தகாது. ஆயினும் எல்லைக்கு இருபுறத்தாரும் ஆயிரமாயிரம் பேருக்குச் சூடாகவும் தூய்மையாகவும் பரிமாறும் திறமுடையவர் என்பதை அவை நிலைநாட்டிவிட்டன.

பரிமாறும் முறையைப் பற்றியும் சில கூறவேண்டும். ஆட்டத்தின் இடைவேளை 15 நிமிஷமே. பார்ப்பவர் 10,000 பேர் என்றும், அவருள் ஐந்திலொருவர் அப்பொழுது எதையேனும் வாங்க எழுவர் என்றும் கொள்வோம். 2,000 பேர் ஆகின்றனர். ஒருவருக்குப் பண்டம் கொடுத்துச் சில்லறை எண்ணித் தர அரை நிமிஷம் ஆகுமெனின், விற்பவர் ஒருவர் அவ்வேளையில் 30 பேருக்கே கொடுக்க இயலும்; 67 விற்பவர் தேவைப்படுவர். விலைகள் 10, 20, 30 என்று முழுமையாக இருந்து, பண்டங்கள் முன்னரே அளந்து கட்டப்பட்டிருந்து, ஒருவருக்குக் கால் நிமிஷமே ஆகுமாயின், 34 பேர் போதும். நான் சென்றிருந்த அரங்கு ஒன்றில் விற்பவர் நால்வரே இருந்தனர். இரண்டாம் பாதியின் முதற்கோல் வீழ்ந்த ஆரவாரத்தைப் பலரும் வரிசையில் நின்றபடியே கேட்டோம். பெற்ற சமோசாவோ குளிர்ந்திருந்தது. இக்குறை பணத்தால் வந்ததன்று. முன்கூட்டி எண்ணாமையால் வந்தது.

தரத்தைக் குறித்து விதிகள் உள்ளன. அவற்றை அறிவாரே குறைவு. சூடாகப் பரிமாறும் உணவை 60 பாகை வெப்பத்துக்குக் குறையாமல் வைத்திருத்தல் வேண்டும். பலமுறை காய்ச்சிய எண்ணெயில் உண்டாகும் முனைவுச் சேர்மங்கள் 25 விழுக்காட்டை மிஞ்சினால் அவ்வெண்ணெயைப் பயன்படுத்தலாகாது என்னும் விதி 2018 ஜூலை 1 முதல் வந்துள்ளது. செய்தித்தாளில் உணவை மடித்துத் தருதலும் விலக்கப்பட்டதே. இவ்விதிகளைக் காத்தல் எளிதாகும் வண்ணம் பண்டங்களைத் தேர்ந்துகொள்ளுதல் அறிவுடைமை. எங்கும் காணும் எண்ணெய்ப் பண்டங்களையே நம்பியிராமல், கேழ்வரகும் நிலக்கடலையும் மாவும் விளையும் கிருஷ்ணகிரி மாவட்டத்தார் தம் நிலத்தின் விளைவையே அரங்கத்துக்கு அனுப்பலாகாதா? கேழ்வரகு அடை, வேகவைத்த கடலை, சுண்டல், நீர்மோர், மாம்பழச்சாறு ஆகிய இவை நின்றுகொண்டே உண்ணத்தக்கவை, வயிற்றுக்கு இதமானவை, விலையும் சிறியவை.

மாணவ நண்பர்களே! பெருநகரத்து அரங்கங்களை நாம் உடனே திருத்திவிட இயலாது. ஆயினும் நம் கல்லூரி மைதானம் நம் கையிலேயே உள்ளது. கல்லூரிகளுக்கிடையே போட்டி நடக்கும் நாள்களில் கடைக்கு இடம் கொடுக்கும்பொழுது, மிகுந்த தொகை தருபவர்க்கே இடம் என்னும் வழக்கத்தை விட்டுவிடுவோம். விலைகளை முன்னரே நாமே குறித்து, அவ்விலைக்குள் சிறந்த உணவு தர உடன்படுபவர்க்கு இடம் அளிப்போம். மாணவர் இருவர், ஆசிரியர் ஒருவர், வெளியூர் ஆட்டக்குழுவின் சார்பில் ஒருவர் கூடிய சிறு குழு ஒன்று விலைப்பலகையைப் பார்வையிடட்டும். வாயிலருகே தூய குடிநீர் விலையின்றி இருக்கட்டும். இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை.

இங்கே பயிலும் மாணவருட் பலர் நாளை ஆலைகளிலும் அலுவலகங்களிலும் நகராட்சிகளிலும் விளையாட்டுக் கழகங்களிலும் பொறுப்பேற்பர். ஒருநாள் அவருள் ஒருவர் பேரரங்கம் ஒன்றின் கடைகளுக்கு ஒப்பந்தம் எழுத நேரலாம். அவ்வமயம், ஓசூர்ச் சாலையில் பேருந்தைப் பிடிக்க ஓடும் தொழிலாளியையும், தந்தையின் கையைப் பற்றித் தண்ணீர் கேட்கும் சிறுவனையும் மனத்திற்கொண்டு அவர் கையெழுத்திடுவாராயின், பந்தாட்டம் மீண்டும் ஏழை எளியவர்க்கு உரியதாகும் என்பது நம் துணிபு.